திண்டுக்கல் சின்ன வெங்காயமும் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தங்களும்

துபையில் வேலை பார்க்கும் மகன் ஊருக்குப் போன் செய்து, "இங்கே சின்ன வெங்காயமே கண்ணில் படவில்லை அத்தா, இருந்தாலும் தொட முடியாத விலை" என்கிறான். அதே வாரம் திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில், வெளிநாட்டுக்கு என்று தரம் பிரித்து வைத்த மூட்டைகள் வண்டி ஏறாமல் கிடக்கின்றன. வாங்க ஆள் இருக்கிறார்கள், விற்கவும் ஆள் இருக்கிறார்கள், நடுவில் கதவு மூடியிருக்கிறது. 2019-இலும் 2020-இலும் 2023-இலும் இதுதான் நடந்தது. இத்தனைக்கும் 2022-இலேயே இந்தியாவும் அமீரகமும் பெரிய வர்த்தக ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுவிட்டன. "ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி நம் விளைபொருளுக்கு நல்ல காலம்" என்று செய்திகளில் படித்தோமே, பிறகு ஏன் இப்படி?

நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி பலரையும் தொடுகிறது. ஒருவருக்கு வயல், இன்னொருவருக்குக் கமிஷன் மண்டி, மற்றொருவருக்கு வளைகுடாவிலோ மலேசியாவிலோ மளிகைக் கடை. எனவே ஒப்பந்தம் என்றால் என்ன, அது திண்டுக்கல் சமவெளியின் விளைச்சலுக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒப்பந்தம் என்பது எது?

உலக வர்த்தக நிறுவனத்தின் பொதுவிதிப்படி ஒரு நாடு தன் சுங்கவரியை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே மாதிரி விதிக்க வேண்டும். இதற்கு விலக்காக, இரண்டு நாடுகளோ ஒரு வட்டார நாடுகளோ தங்களுக்குள் மட்டும் வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று காட் ஒப்பந்தத்தின் 24-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் இவை எல்லாம் வந்தன.

இந்தியா போட்டவற்றில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை சில. இலங்கையுடன் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூருடன் 2005 ஆகஸ்ட் முதல். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் 2010 ஜனவரி முதல். மலேசியாவுடன் தனியாக 2011 ஜூலை முதல். ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தாகி மே 1 முதல். ஓமனுடன் 2025 டிசம்பரில் கையெழுத்தானது. சீனாவும் சேர்ந்திருந்த ஆர்செப் என்ற பெரிய கூட்டணியிலிருந்து மட்டும் 2019 நவம்பர் 4 அன்று இந்தியா விலகிக்கொண்டது.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வரி முழுவதும் நீக்கப்படும் பொருள்கள், படிப்படியாகக் குறைக்கப்படும் பொருள்கள், சலுகையே இல்லாத பொருள்கள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. ஆயிரக்கணக்கான வரிகளில் ஓடும் இந்தப் பட்டியல்களில்தான் உண்மையான ஒப்பந்தம் இருக்கிறது. மேடையில் கைகுலுக்குவதைப் பார்த்து முடிவுக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள்.

வெங்காயத்துக்கு அமீரகத்தில் வரி முன்பே இல்லை

அமீரக ஒப்பந்தப்படி இந்தியப் பொருள்களுக்கு அந்நாட்டின் சுங்கப் பட்டியலில் 97 சதவீதத்துக்கும் மேலான இனங்களில் வரி நீங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சில் நாடுகளின் பொதுச் சுங்கவரியே பெரும்பாலான பொருள்களுக்கு 5 சதவீதம்தான். அதிலும் பசுங்காய்கறி, பழம் போன்ற அடிப்படை உணவுகள் நெடுங்காலமாகவே வரியில்லாப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது திண்டுக்கல்லிலிருந்து போகும் சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்காய்க்கும் 2022 மே மாதம் புதிதாகக் குறைந்த வரி என்று பேசும்படி எதுவும் இல்லை. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது?

சிங்கப்பூரும் அப்படியே. மது, புகையிலை, வாகனம், எரிபொருள் போன்ற சில இனங்கள் தவிர அங்கே யார் அனுப்பினாலும் சுங்கவரி கிடையாது.

இந்த 5 சதவீதம் உண்மையில் உதவுவது பதப்படுத்திய பொருளுக்கு. நத்தம் பகுதி மாம்பழத்தை அப்படியே அனுப்புவதற்கும் கூழாக்கி டின்னில் அனுப்புவதற்கும் வேறுபாடு இங்கே தெரியும். ஊறுகாய், மசாலாக் கலவை, பொட்டலமிட்ட உணவு போன்றவற்றில் 5 சதவீதம் என்பது போட்டியாளரை முந்தப் போதுமான தொகை. ஒப்பந்தத்தால் பயனடைய நினைக்கும் திண்டுக்கல்காரர் மூட்டை வியாபாரத்தோடு நில்லாமல் ஆலைக்குள் ஓர் அடி வைக்க வேண்டியிருக்கிறது என்பது நம் கருத்து.

இலங்கையின் கதை வேறு. அங்கே வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய் போன்றவற்றுக்கு 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி 'விசேட வியாபாரப் பண்ட அறவீடு' என்ற தனி வரி உண்டு. தங்கள் நாட்டு விவசாயி அறுவடை செய்யும் நேரத்தில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஏற்றுவார்கள், பற்றாக்குறை வந்தால் இறக்குவார்கள். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 25 ஆண்டுகளாக இருந்தும் இதை அது தொடவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் தூரம் குறைவு, சாப்பாட்டு ருசியும் ஒன்று. ஆனாலும் சரக்கு ஏற்றும் வியாபாரி ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை, கொழும்பின் அறவீட்டு அறிவிப்பைத்தான் பார்க்கிறார். யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயமும் இருக்கிறது.

பூட்டு நம் கையில்

பூட்டுக்குப் பெயர்போன ஊர் திண்டுக்கல். ஆனால் வெங்காய ஏற்றுமதிக்குப் பூட்டுப் போட்டது வெளிநாடு அல்ல.

2019 செப்டம்பர் 29 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து 2020 மார்ச்சில் திறந்தது. ஆறு மாதம் கழித்து 2020 செப்டம்பர் 14 அன்று மீண்டும் தடை, 2021 ஜனவரி 1 அன்று நீக்கம். பின்னர் 2023 ஆகஸ்ட் 19 அன்று 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைவாக யாரும் விற்கக் கூடாது என்ற உத்தரவு. டிசம்பர் 8 முதல் முழுத் தடை. 2024 மே 4 அன்று தடை நீங்கியது, ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் கூடவே வந்தன. செப்டம்பரில் அந்தக் குறைந்தபட்ச விலை எடுக்கப்பட்டு வரி 20 சதவீதமானது. அதுவும் 2025 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது.

இவை எல்லாம் நாசிக்கின் பெரிய வெங்காயத்தை மனதில் வைத்து, டெல்லி, மும்பைச் சந்தை விலையைப் பார்த்துப் போடப்பட்டவை. சின்ன வெங்காயம் வேறு பயிர். விதை வெங்காயத்தை ஊன்றி, ஏறத்தாழ 70 நாளில் எடுப்பது. ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி, வேடசந்தூர் பக்கம் வயலோரம் பட்டறை போட்டு, தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்து, விலை வரும் வரை காத்திருப்பார்கள். வட இந்தியச் சமையலில் அதற்குப் பெரிய இடம் இல்லை. டெல்லியில் வெங்காய விலை ஏறுவதற்கும் நம் ஊர்ச் சாம்பார் வெங்காயத்துக்கும் சம்பந்தம் குறைவு. இருந்தும் 'வெங்காயம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சின்னதும் பெரியதும் சேர்ந்தே கட்டுப்பட்டன.

கணக்காகப் பார்த்தால் இதன் வலி புரியும். கப்பல் ஏறும் நிலையில் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீத வரி என்றால் கிலோவுக்கு 24 ரூபாய். ஒரு டன்னுக்கு 24,000 ரூபாய். அமீரக ஒப்பந்தம் 5 சதவீதத்தை முழுமையாகவே மிச்சப்படுத்தித் தந்திருந்தாலும் அது 3 ரூபாய்தான். ஒரு கை 3 ரூபாயைத் தர, மறு கை 24 ரூபாயை எடுத்தது. அந்த 24 ரூபாயை வெளிநாட்டு வாடிக்கையாளர் தரமாட்டார், வேறு நாட்டுச் சரக்குக்குப் போய்விடுவார். ஆகவே அது திரும்பி வந்து பட்டறைக்காரர் தலையில்தான் இறங்கும்.

ஒப்பந்தம் இருக்கும்போது இப்படித் தடை போடலாமா என்று கேட்கத் தோன்றும். காட் ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவு ஏற்றுமதித் தடைகளைப் பொதுவாக விலக்குகிறது. ஆனால் உணவுப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தால் தற்காலிகமாகத் தடுக்கலாம் என்று அதே பிரிவே இடம் தருகிறது. ஏற்றுமதி வரி என்பதோ அந்தத் தடையின் வரம்புக்குள்ளேயே வராது. சொந்த மக்களுக்கு விலை ஏறாமல் பார்ப்பது அரசின் கடமை, அதில் நமக்கு மறுப்பில்லை. திண்டுக்கல் இல்லத்தரசியும் வெங்காயம் வாங்குபவர்தான். ஆனால் இந்தப் பயிர் அந்தத் தட்டுப்பாட்டில் இருந்ததா என்று தனியாகப் பார்க்காமலே போடப்பட்டதுதான் குறை.

பெங்களூரு ரோஸுக்குக் கிடைத்த விலக்கு

தனியாகப் பார்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கர்நாடகத்தில் விளையும் பெங்களூரு ரோஸ் வெங்காயம் புவிசார் குறியீடு பெற்றது. உள்நாட்டில் அதிகம் பேர் உண்பதில்லை, பெரும்பாலும் ஏற்றுமதிக்கே விளைவிப்பது. 2020 தடையின்போதே அக்டோபரில் பெங்களூரு ரோஸ் 10,000 டன்னும் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் வெங்காயம் 10,000 டன்னும் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும் அனுப்ப அனுமதி கிடைத்தது. 2023 செப்டம்பர் இறுதியில், 40 சதவீத வரியிலிருந்தும் பெங்களூரு ரோஸுக்கு விலக்கு வந்தது. கர்நாடகத் தோட்டக்கலை ஆணையர் சான்று தர வேண்டும் என்பது நிபந்தனை.

பெயரும் சான்றும் உள்ள பயிருக்கு வழி திறந்தது. நம் சின்ன வெங்காயம் பொதுப் பட்டியலில் நின்றது. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு எண் வேண்டும், பெரிய வெங்காயத்துக்கான கட்டுப்பாடு இதைத் தொடக் கூடாது என்று தமிழக விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவதன் பொருள் இதுதான். சுங்கப் புத்தகத்தில் ஒரு வரி. கேட்பது அவ்வளவே. திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுமலை மலை வாழைப்பழத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு வாங்கினோம், பூட்டுக்கும் வாங்கினோம். வெங்காயத்துக்கு அந்த முனைப்பைக் காட்டவில்லை என்ற ஆதங்கம் நமக்கு உண்டு.

தடைக்காலத்திலும் வெங்காயம் ஏற்றுமதி ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 1 அன்று வங்கதேசத்துக்கு 50,000 டன், அமீரகத்துக்கு 14,400 டன் அனுப்ப மத்திய அரசு அனுமதித்தது. ஏப்ரல் இறுதியில், வங்கதேசம், அமீரகம், பூடான், பஹ்ரைன், மொரிஷியஸ், இலங்கை ஆகிய ஆறு நாடுகளுக்கு மொத்தம் 99,150 டன் என்று அறிவித்தது. அரசுக்கு அரசு பேசி, தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் என்ற ஒரே அமைப்பின் மூலம் போன சரக்கு அது. நட்பு நாட்டுக்குச் சரக்கு கிடைத்தது. பல ஆண்டுகளாக அங்கே வாடிக்கை வளர்த்த மண்டிக்காரருக்கு அதில் இடமில்லை.

வாடிக்கை ஒருமுறை விட்டால் திரும்புவது எளிதல்ல. மலேசியச் சந்தைக்குத் தாய்லாந்திலிருந்தும் சின்ன வெங்காயம் வருகிறது. ஆசியான் உறுப்பு நாடுகளான அவர்களுக்குள் பெரும்பாலான பொருள்களுக்கு வரியே இல்லை. கோலாலம்பூரில் கடை நடத்துபவர் ஆறு மாதம் தாய்லாந்துச் சரக்கை வாங்கிப் பழகிவிட்டால், நம் தடை நீங்கிய நாளில் போன் செய்து மீண்டும் கேட்பார் என்று நம்பி உட்கார முடியாது.

இதே 2023-இல் ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்து 2024 செப்டம்பர் இறுதி வரை நீடித்தது. சீரகச் சம்பாவும் சின்ன வெங்காயமும் சேர்ந்ததுதான் திண்டுக்கல் பிரியாணி. இரண்டும் ஒரே நேரத்தில் கட்டுப்பாட்டுக்குள் வந்த அந்த மாதங்களில் வெளிநாட்டில் பிரியாணிக் கடை வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

வரும் வழியாகவும் இருக்கும் ஒப்பந்தம்

ஒப்பந்தம் இருபக்கக் கதவு. நாம் அனுப்ப வழி தந்தால், அவர்கள் அனுப்பவும் வழி தர வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தில் நம் விவசாயிகளின் நலன் கருதி மிளகு, காபி, தேயிலை, கச்சாப் பாமாயில், சுத்திகரித்த பாமாயில் ஆகிய ஐந்தையும் 'சிறப்புப் பொருள்' என்று தனியே வைத்தார்கள். வரியை முழுவதும் நீக்காமல் 2019 டிசம்பர் 31-க்குள் மெதுவாகக் குறைப்பதாக ஏற்பாடு. மிளகுக்கு 70-லிருந்து 50 சதவீதம், காபிக்கும் தேயிலைக்கும் 100-லிருந்து 45, கச்சாப் பாமாயிலுக்கு 80-லிருந்து 37.5, சுத்திகரித்ததற்கு 90-லிருந்து 45.

இது திண்டுக்கல்லைத் தொடுமா? தொடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைச்சரிவில் காபியும் அதனூடே மிளகும் விளைகின்றன, அந்தச் சரக்கு கீழே சமவெளிக்குத்தான் இறங்குகிறது. மிளகு விஷயத்தில் ஆசியான் கதவைவிட இலங்கைக் கதவுதான் தொல்லையானது. இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியின்றி வரலாம், அதற்கு மேல் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம் கட்டினால் போதும். இலங்கை மிளகு என்ற பெயரில் வியட்நாம் மிளகு வருகிறது என்ற புகார் எழுந்தது. 2016 வாக்கில் கிலோ 700 ரூபாயைத் தொட்ட விலை 2018-இல் 400-ஐ நெருங்கிச் சரிந்தது. 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி செய்யக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொருள் எந்த மண்ணில் விளைந்தது என்பதை இறக்குமதியாளரே நிரூபிக்க வேண்டும் என்ற விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன.

பாமாயில் தென்னை விவசாயியின் கவலை. ஆனால் இங்கும் ஒப்பந்தத்தை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ஒப்பந்தம் அனுமதித்த 37.5 சதவீதத்தைக்கூட இந்தியா பல காலம் விதிக்கவில்லை. விலைவாசியைக் காரணம் காட்டி 2008-இல் கச்சாப் பாமாயில் வரியைப் பூஜ்யமாக்கினார்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை வரியை 20 சதவீதமாக உயர்த்தி, 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைத்தார்கள். தேங்காய் விலை எப்படிப் போகும் என்று நத்தத்திலும் வத்தலக்குண்டிலும் கணக்குப் போடுபவர் டெல்லியின் இந்த அறிவிப்புகளைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு மொத்தக் கூடுதல் வரி 50 சதவீதமானது. இம்மாவட்டத்தில் ஒப்பந்த முறையில் பயிரிட்டு, வினிகரிலும் உப்புநீரிலும் ஊறவைத்து அனுப்பும் கெர்கின் வெள்ளரி முழுக்க முழுக்க வெளிநாட்டுச் சந்தையை நம்பியது. அதை நம் வீட்டுச் சமையலில் யாரும் கேட்பதில்லை. இத்தகைய பயிருக்கு, வரி இந்த அளவுக்கு மேல் போகாது என்று எழுத்தில் இருப்பதே பெரிய பாதுகாப்பு. ஒப்பந்தங்களின் மதிப்பு வரிக் குறைப்பைவிட இதில்தான் அதிகம் என்று நாம் கருதுகிறோம்.

அனுப்ப நினைப்பவர்களுக்கு

நம் இளைஞர்களில் பலர் ஏற்றுமதி பற்றிக் கேட்கிறார்கள். முதல் தேவை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தரும் ஐ.இ.சி. எண். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். காய்கறி, பழம், பதப்படுத்திய உணவுக்கு அபேடாவில் பதிவு வேண்டும். மிளகு, ஏலம் போன்றவற்றுக்கு நறுமணப் பொருள் வாரியம். பசுங்காய்கறிக்குப் பூச்சி, நோய் இல்லை என்று தாவரப் பாதுகாப்பு அலுவலர் தரும் சான்று தேவை.

ஒப்பந்தச் சலுகை வேண்டுமானால் இவற்றோடு 'பிறப்பிடச் சான்றிதழ்' வாங்க வேண்டும். பொருள் இந்தியாவில் விளைந்தது என்பதற்கான சான்று அது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனிப் படிவம், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்று சரக்கோடு போகாவிட்டால் அங்கே சாதாரண வரிதான் விதிப்பார்கள். இன்வாய்ஸில் ஒரு குறியீடு எண்ணும் சான்றில் வேறு எண்ணும் இருந்தாலும் சலுகை போய்விடும். மாங்கூழோ ஊறுகாயோ இறக்கும் வளைகுடாக் கடைக்காரர்கள், அனுப்புபவரிடம் இந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். 5 சதவீதம் உங்கள் பணம்.

வெங்காயத்தையோ முருங்கையையோ துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் காரணம் வரி அல்ல, மருந்தின் எச்சம். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தடிப்பதை நிறுத்தினார்கள் என்பதை வயலிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முருங்கைக்கென்று தமிழக அரசு அறிவித்த ஏற்றுமதி மண்டலத்தில் திண்டுக்கல்லும் இருக்கிறது, அதன் மையம் மதுரையில். இலைப் பொடி செய்ய விரும்புபவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

வெங்காயம் அனுப்புபவர்கள் மட்டும் இன்னொன்றையும் செய்ய வேண்டும். முன்பணம் வாங்கும் முன், ஏற்றுமதி தடைபட்டால் யார் நட்டம் ஏற்பது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் வரி அறிவிப்பு வந்தது ஒரு சனிக்கிழமை, அன்றே அமலுக்கும் வந்துவிட்டது.